வெந்நீருக்கு எதற்கு மின்சாரம்?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் வெந்நீரை ஆடம்பரம் என்று சொல்லிவிட முடியாது. சென்னைக்காரர் மார்கழியில் நாலு நாள் தேடுகிற வெந்நீரை இங்கே ஆடி மாதத் தூறலிலும் தேட வேண்டியிருக்கிறது. குழந்தை இயேசு திருத்தலத்தைச் சுற்றி மூன்று மாடி, நான்கு மாடி வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் விவேக் நகரில், தமிழும் கன்னடமும் கலந்து புழங்கும் அந்தச் சந்துகளில், கீசர் இல்லாத வீட்டைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். காலையில் சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது, இருபது நிமிடத்தில் தண்ணீர் தயார். இதில் என்ன தப்பு என்று கேட்கத் தோன்றும். ஒரு வீட்டில் மின்சாரத்தைக் கொண்டு செய்யும் வேலைகளிலேயே பெரிய ஊதாரித்தனம் இதுதான் என்று வெப்ப இயக்கவியல் சொல்கிறது. கர்நாடக அரசும் இதை அறியாததல்ல. 2007-இல் புதுக் கட்டடங்களுக்குச் சோலார் வாட்டர் ஹீட்டரைக் கட்டாயமாக்கி, அது இல்லாவிட்டால் மின் இணைப்பு கிடையாது என்று சொன்ன மாநிலம் இது. சரியான நோக்கத்தோடு வந்த அந்த விதி, தவறான இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பது என் கருத்து. வீட்டுக்கு வேண்டியது சூடு. விதி கேட்டதோ கூரையில் ஒரு கருவி.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு வாளி என்பது ஏறக்குறைய 20 லிட்டர். குழாயில் 22 டிகிரியில் வரும் தண்ணீரை உடம்பு பொறுக்கும் 42 டிகிரிக்குக் கொண்டுபோக, ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம் தேவை. நான்கு பேர் உள்ள வீட்டில் நாளைக்கு இரண்டு யூனிட், மாதத்துக்கு 60 யூனிட். ஃபேனும் விளக்கும் டிவியும் ஃபிரிட்ஜும் ஓடுகிற ஒரு நடுத்தர வீட்டின் கரண்ட் பில்லில் இது சிறிய பங்கு அல்ல. கடைக்காரர் சொல்வதும் பொய் அல்ல: கீசருக்குள் இருக்கும் காயில் ஒரு யூனிட்டை வாங்கினால் ஒரு யூனிட் சூட்டைத் தண்ணீரில் இறக்கிவிடும். நூற்றுக்கு நூறு. ஆற்றல் அழியாது என்கிற முதல் விதிப்படி, மின்சாரத்தைச் சூடாக மாற்றுவதில் இதைவிடச் சிறந்த எந்திரம் இருக்க முடியாது. அந்த நூறு மதிப்பெண்ணில்தான் சூட்சுமம் இருக்கிறது.

ஆற்றலுக்கு அளவு மட்டுமல்ல, தரமும் உண்டு. பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824-இல் வெளியிட்ட ஒரே புத்தகத்தில், நீராவி எந்திரம் எவ்வளவு வேலை தரும் என்பதை அதன் சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம்தான் தீர்மானிக்கிறது என்று காட்டினார். எட்டே ஆண்டுகளில், 36 வயதில், காலராவில் இறந்துபோனார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த ஜெர்மானியர் கிளாசியஸ், ஆற்றலின் தரம் தேய்வதைக் காட்டும் அளவுக்கு 1865-இல் என்ட்ரோபி என்ற பெயரைச் சூட்டினார். இவர்கள் வழியாக வந்த இரண்டாம் விதியின் சாரம், வெப்பநிலை சூழலைவிட எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அவ்வளவுதான் அந்தச் சூட்டுக்கு மதிப்பு என்பது. மின்சாரம் முழுக்க முழுக்க வேலையாக மாறக்கூடியது. மோட்டாரைச் சுழற்றும், கணினியை இயக்கும், இரும்பை உருக்கும். 42 டிகிரி வெந்நீரால் இவற்றில் ஒன்றையும் செய்ய முடியாது. அதில் அடங்கியிருக்கும் வெப்பத்தில் வேலையாக மாற்றக்கூடிய பகுதியைக் கணக்கிட்டால், 22 டிகிரி சூழலில் நூற்றுக்கு நான்குகூட வராது. ஆக, இரண்டாம் விதியின் தராசில் கீசர் வாங்கும் மதிப்பெண் நான்குக்கும் குறைவு. பட்டுச் சேலையைக் கிழித்து அடுப்படிக் கரித்துணி ஆக்கிக்கொண்டு, துணி ஒரு முழம்கூட வீணாகவில்லை என்று மார்தட்டுவதற்கு ஒப்பானது அந்த நூற்றுக்கு நூறு.

எரிசக்தித் திறன் பணியகம் கீசர்கள்மீது ஒட்டச் சொல்லும் நட்சத்திரங்களும் இந்த விஷயத்தில் உதவாது. சேமிப்பு கீசருக்குத் தரும் நட்சத்திரம், தொட்டியில் சூடான தண்ணீர் சும்மா நிற்கும்போது ஒரு நாளில் எவ்வளவு சூடு கசிகிறது என்பதை வைத்துத் தரப்படுவது. கசிவு குறைந்தால் நல்லதுதான், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் ஐந்து நட்சத்திர கீசருக்குள் இருப்பதும் அதே காயில்தான். அது மின்சாரத்தை எப்படிச் சூடாக மாற்றுகிறது என்று அந்த லேபிள் கேட்பதே இல்லை. பழைய தமிழ் வீடுகளில் இருந்த செம்புப் பாய்லர் நினைவுக்கு வருகிறது. நடுவே ஒரு குழாய், அதற்குள் கரியோ தேங்காய் மட்டையோ எரியும், சுற்றிலும் தண்ணீர், கீழே சாம்பல் தட்டு, பக்கத்தில் பித்தளைத் திருகு. தீயைத் தண்ணீர் முழுவதுமாகச் சூழ்ந்திருப்பதால் சூடு வெளியே ஓட வழி குறைவு. அதைச் செய்த கன்னாருக்கு வெப்பக் கடத்தலின் பாடம் தெரிந்திருந்தது. புகையைப் பற்றி அவர் கவலைப்படவில்லை என்பதும் உண்மை, அந்தப் புகையைச் சுவாசித்தது வீட்டுப் பெண்கள் என்பதும் உண்மை. பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மட்டமான எரிபொருளை மட்டமான வேலைக்கு வைத்தார்கள் என்ற பொருத்தத்தை மட்டும் கவனிக்கலாம்.

கீசருக்கு வரும் மின்சாரத்தின் பிறப்பிடத்துக்குப் போனால் விஷயம் இன்னும் வேடிக்கையாகிறது. ராய்ச்சூர் அனல் மின் நிலையத்தின் மொத்தத் திறன் 1,720 மெகாவாட். 210 மெகாவாட்டில் ஏழு அலகுகளும் 250-இல் ஒன்றும் அங்கே இருக்கின்றன. இந்த ரக அலகுகளில் நீராவி 540 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் டர்பைனுக்குள் நுழைந்து, 40 டிகிரியை ஒட்டிய நிலையில் வெளியேறிக் கண்டென்சரில் தண்ணீராகிறது. எரித்த நிலக்கரியின் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதியின் பெரும்பகுதி கண்டென்சர் வழியாகக் கூலிங் டவரில் ஆவியாகப் போகிறது. எந்த வெப்பநிலையில்? நாம் குளிக்கிற அதே 40 டிகிரியில். அங்கே 40 டிகிரி சூட்டை வேண்டாமென்று வானத்தில் விட்டுவிட்டு, மிஞ்சிய மின்சாரத்தைச் சுமார் 400 கிலோமீட்டர் கம்பியில் இழுத்து வந்து, விவேக் நகர்க் குளியலறையில் மறுபடியும் 40 டிகிரி சூடாக்குகிறோம். இந்திய நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவை நெருங்கிச் செலவாகிறது என்றால், ஒரு வாளி வெந்நீருக்கு 300 கிராமுக்கு மேல் கரி. ஆளுக்கு, நாளுக்கு. கோபன்ஹேகனில் மின் நிலையங்களின் இந்த மிச்சச் சூட்டைக் குழாய் வழியே நகருக்குக் கொண்டுவந்து வீடுகளைச் சூடாக்குகிறார்கள். ராய்ச்சூரிலிருந்து பெங்களூருக்கு வெந்நீர்க் குழாய் போட முடியாது என்பது எனக்கும் தெரியும். அந்தத் தூரத்துக்கு ஏற்ற வேறு வழி என்ன என்று யோசித்தோமா என்பதே கேள்வி.

பெங்களூரில் யோசித்தவர்கள் இருந்தார்கள். இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் அமுல்யா ரெட்டி தொடங்கிய அஸ்த்ரா என்ற ஊரக நுட்ப அமைப்பு, புகைபோக்கி வைத்த விறகடுப்பை வடிவமைத்துக் கர்நாடகக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. மின்வேதியியல் படித்த அந்த மனிதர் சமையலறை அடுப்புக்கு இறங்கி வந்ததே இந்தியப் பொறியியல் வரலாற்றில் ஒரு பெரிய நிகழ்ச்சி என்பேன். பிரேசிலின் கோல்டம்பர்க், சுவீடனின் யோஹான்சன், அமெரிக்காவின் வில்லியம்ஸ் ஆகியோரோடு சேர்ந்து ரெட்டி 1988-இல் வெளியிட்ட நூலின் மையமே இதுதான்: மக்களுக்கு யூனிட் வேண்டாம், வெளிச்சமும் சமைத்த சோறும் சூடான தண்ணீரும் இறைத்த நீரும்தான் வேண்டும். கர்நாடகத்துக்கு இத்தனை ஆயிரம் மெகாவாட் புதிதாகத் தேவை என்று அரசின் திட்டக் குழு 1980-களின் இறுதியில் கணக்குக் காட்டியபோது, ரெட்டியின் குழு மாற்றுக் கணக்கை முன்வைத்தது. குண்டு பல்புக்கு மாற்று, பம்புசெட்டுகளைத் திருத்துவது என்பனவற்றோடு, மின்சார வெந்நீருக்குப் பதில் சூரிய வெந்நீர் என்பதும் அதில் முக்கியமான ஒரு வரி. ரெட்டி 2006-இல் காலமானார். அடுத்த ஆண்டு வந்த அரசாணையை அவருடைய வாதத்தின் தாமதமான வெற்றி என்று சொல்லலாம். இந்தியாவிலேயே சோலார் வாட்டர் ஹீட்டர் அதிகம் உள்ள நகரம் என்ற பெயரைப் பெங்களூர் வாங்கியது சும்மா அல்ல.

இப்போது விவேக் நகரின் மொட்டை மாடிக்கு ஏறுவோம். இருபதுக்கு முப்பது அடி மனை என்றால் மொத்தம் 600 சதுர அடி. படிக்கட்டுக் கூரை, கருப்புத் தண்ணீர்த் தொட்டி, துணி காயப்போடும் கொடி, டிஷ் ஆன்டெனா, சில வீடுகளில் மாடி அறை ஒன்று. நாளைக்கு 100 லிட்டர் தரும் சோலார் ஹீட்டருக்குச் சுமார் 2 சதுர மீட்டர் தகடு வேண்டும், அது தெற்கைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும், நிழல் விழக்கூடாது. நான்கு குடித்தனம் என்றால் இதைப்போல் நான்கு மடங்கு. தெற்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாடி கூடுதலாக எழுப்பினால், வெந்நீர் அதிகம் தேவைப்படும் மார்கழி, தை மாதங்களில்தான் நிழல் வந்து விழும்; சூரியன் தெற்கே சாயும் காலம் அது. கூரைத் தொட்டியிலிருந்து தரைத்தளம் வரை முக்கால் அங்குலக் குழாய் 15 மீட்டர் ஓடினால், அதற்குள் நிற்கும் குளிர்ந்த தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 5 லிட்டர். கீழ்வீட்டுக்காரர் ஒவ்வொரு காலையும் அதைத் திறந்து வடித்துவிட்ட பிறகே வெந்நீரைப் பார்க்கிறார். 2024 கோடையில் டேங்கர் லாரிக்காகக் காத்துக் கிடந்த ஊரில் இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. போர்வெல் தண்ணீரின் உப்பு குழாய்க்குள் படிந்து அடைப்பது தனிக் கதை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய முட்டுக்கட்டை ஓனருக்கும் குடித்தனக்காரருக்கும் இடையே இருக்கிறது. கருவியின் விலையைக் கொடுக்க வேண்டியவர் ஓனர். கரண்ட் பில் கட்டுகிறவர் வாடகைக்கோ லீஸுக்கோ இருப்பவர். பில் குறைவதால் ஓனருக்கு லாபம் இல்லை. பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் பத்து வருஷம் உழைக்கும் கருவியை வாங்கிப் போடமாட்டார். விதிக்குக் கட்டுப்பட்டு மின் இணைப்பு வாங்குவதற்காக ஒரு 100 லிட்டர் கருவியை மாடியில் நிறுத்திவிட்டு, அதை ஓனர் வசிக்கும் தளத்துக்கு மட்டும் இணைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை. சோலார் ஹீட்டர் வைத்த வீட்டுக்கு மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு 50 பைசா, மாதம் அதிகபட்சம் 50 ரூபாய் என்று ஒரு சலுகை தந்தார்கள். வீட்டுக் காபிச் செலவுக்கு ஓரிரு நாள்கூடத் தாங்காத இந்தத் தொகை எந்த ஓனரின் மனத்தையும் மாற்றியிருக்காது. கருவி இருக்கிறதா என்று ஒரே ஒரு தடவை, இணைப்புத் தரும்போது பார்க்கிறார்கள். எத்தனை குடித்தனம் அதிலிருந்து வெந்நீர் பெறுகிறது என்று பிறகு யாரும் பார்ப்பதில்லை.

மாடியில் இடம் இல்லாதவர்கள் போய்ச் சேர்ந்த இன்னொரு இடம் கேஸ் கீசர். இதைப் பற்றிக் கறாராகவே சொல்ல வேண்டும். 2,000 டிகிரியை நெருங்கும் தீச்சுடரைக் கொண்டு 42 டிகிரித் தண்ணீர் தயாரிப்பதும் தரத்தைக் கொட்டிக் கவிழ்ப்பதுதான். நாட்டின் சமையல் எரிவாயுத் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி என்பது வேறு. அதைவிட முக்கியம் உயிர். நான்குக்கு ஐந்து அடிக் குளியலறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, சுவரில் மாட்டிய கேஸ் கீசரைப் பற்றவைத்தால், அது அறையில் உள்ள ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் குறையக் குறைய கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு மயக்கம் தந்து ஆளைச் சாய்த்துவிடும். பெங்களூரில் இப்படி நேர்ந்த சாவுச் செய்திகள் குளிர்காலம்தோறும் பத்திரிகைகளில் வந்துகொண்டிருக்கின்றன. வைத்தே ஆக வேண்டும் என்றால் கருவி குளியலறைக்கு வெளியே, காற்று ஓடும் இடத்தில் இருக்கட்டும். வெந்நீர் மட்டும் குழாயில் உள்ளே வரட்டும்.

அப்படியானால் என்னதான் வழி? 1852-லேயே வழி சொல்லப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன், எந்திரத்தைக் கொண்டு வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இறைக்க முடியும், நிலக்கரியை நேராக எரிப்பதைவிட அதற்குச் செலவு குறையும் என்று அந்த ஆண்டில் எழுதினார். நம் வீட்டு ஃபிரிட்ஜ் செய்வதும் இதே வேலைதான். காய்கறியின் சூட்டை எடுத்து முதுகுப் பக்கம் தள்ளுகிறது. அதன் முதுகைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துவிட்டால் அதுதான் ஹீட் பம்ப். மின்சாரம் இங்கே சூடாக மாறுவதற்காகச் செலவாவதில்லை; காற்றில் ஏற்கெனவே இருக்கும் சூட்டை 22 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குத் தூக்கிவிடும் கம்ப்ரசரைச் சுழற்றச் செலவாகிறது. கார்னோவின் கணக்குப்படி, குறையில்லாத எந்திரம் ஒரு யூனிட்டுக்கு 11 யூனிட் சூடு தரலாம். கடையில் கிடைப்பது 3 முதல் 4 வரை தருகிறது. அதாவது மாதம் 60 யூனிட் கேட்ட வீட்டுக்கு 20 யூனிட் போதும். குளிர் நாடுகளில் ஹீட் பம்பின் பெரிய பலவீனம், வெளிக்காற்று பூஜ்யத்துக்குக் கீழே போகும்போது அது திணறுவது. பெங்களூரின் மார்கழி அதிகாலை 15 டிகிரி. ஹீட் பம்புக்கென்றே செய்த தட்பவெப்பம் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

கர்நாடகத்தில் இப்போது காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகிவிட்டனவே, பிறகு நிலக்கரிக் கணக்கைக் காட்டிப் பயமுறுத்துவானேன் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தும்கூரு மாவட்டம் பாவகடாவில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா இருக்கிறது. ஆனால் அது முழு வீச்சில் மின்சாரம் தருவது நண்பகலில். ஊர் குளிப்பது காலை ஆறரைக்கு. 2 கிலோவாட் கீசர்கள் ஒரு லட்சம் ஒரே நேரத்தில் எரிந்தால் 200 மெகாவாட். ராய்ச்சூரின் ஒரு முழு அலகு ஒரு லட்சம் பேரின் குளியலுக்கே சரி. அந்த நேரத்துக்கு ஷராவதி போன்ற அணைகளின் தண்ணீரையோ நிலக்கரியையோ நம்ப வேண்டியிருக்கிறது; மழை பொய்த்த ஆண்டில் அணைத் தண்ணீர் எவ்வளவு விலை மதிப்புள்ளது என்பதைக் காவிரிக் கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கேதான் வெந்நீர்த் தொட்டி கைகொடுக்கிறது. நல்ல உறை போட்ட 200 லிட்டர் தொட்டியில் நண்பகலில் ஏற்றிய சூடு மறுநாள் காலை வரை பெரும்பாலும் நிற்கும். பேட்டரிக்குக் கொட்டும் பணத்தில் ஒரு சிறு பங்குக்கு, பாவகடாவின் மதிய வெயிலைக் காலைக் குளியலுக்கு எடுத்துவைக்கலாம். வேண்டியது ஹீட் பம்பை மதியம் மட்டும் ஓட்டும் ஒரு டைமர் சுவிட்ச். சூரிய ஒளி இருக்கும் நேரத்தில் கட்டணத்தைக் குறைத்து, உச்ச நேரத்தில் கூட்டும் முறைக்கு மத்திய அரசு 2023-லேயே விதி வகுத்துவிட்டது. வீடுகளுக்கு ஸ்மார்ட் மீட்டர் வந்து அது நடைமுறையாகும்போது, இந்த டைமர் தன் விலையைத் தானே சம்பாதித்துக்கொள்ளும்.

சோலார் பேனல் போடுவதற்கு 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்யகர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கும்போது, அதே கூரையில் தண்ணீர் சூடாக்கும் தகட்டை வைப்பானேன் என்பது இன்னொரு கேள்வி. இதில் பாதி நியாயம் இருக்கிறது. வெயிலை நேராகச் சூடாக மாற்றும் தகடு நூற்றில் ஐம்பது, அறுபது பங்கைப் பிடிக்கிறது. மின்சாரப் பேனல் இருபதைத்தான் பிடிக்கிறது. ஆனால் அந்த இருபதை ஹீட் பம்புக்குக் கொடுத்தால் மூன்று மடங்காகி அறுபதாகிவிடுகிறது. இரண்டும் சமம். பேனலுக்கு உப்புப் படிவதில்லை, வெந்நீர் தேவைப்படாத சித்திரையில் அதன் மின்சாரம் ஃபேனுக்குப் போகும், நீண்ட வெந்நீர்க் குழாயும் வேண்டாம். அதே பேனலின் மின்சாரத்தைச் சாதாரண கீசரின் காயிலுக்குக் கொடுத்தால் மட்டும் இந்த வாதம் சரிந்துவிடும். ஆகையால் தகடா பேனலா என்று விதி முடிவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை. வெயில் நன்றாக விழும் வீட்டில் தகடு இருக்கட்டும், நிழல் விழும் வீட்டில் ஹீட் பம்ப் இருக்கட்டும். காயில் மட்டும் முதல் கருவியாக இருக்கக்கூடாது. மழை நாட்களுக்கான துணையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஹீட் பம்பிலும் குறைகள் உண்டு. விலை சாதாரண கீசரைப்போலப் பல மடங்கு. கம்ப்ரசர் சத்தம் போடும், காற்றோட்டமான இடம் கேட்கும். குளியலறை பரணில் அடங்காது. உள்ளே இருக்கும் குளிரூட்டி வாயு கசிந்தால் கரியமில வாயுவைவிடப் பல நூறு மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கக் கூடியது. கிகாலி ஒப்பந்தப்படி இந்தியா இவற்றை 2032 முதல் படிப்படியாகக் குறைக்கவிருக்கிறது, புரொப்பேன் நிரப்பிய எந்திரங்களும் வந்துவிட்டன. சிக்கனம் என்று தொட்டியை எந்நேரமும் 40 டிகிரியிலேயே வைத்திருந்தால் லெஜியோனெல்லா என்ற கிருமி வளர இடமாகும். பெரிய தொட்டிகளை அவ்வப்போது 60 டிகிரிக்கு ஏற்றி இறக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை தனித்தனி வீட்டுக்குச் சிரமம், ஒரு கட்டடத்துக்கு எளிது. நான்கு குடித்தனத்துக்கு நான்கு கீசர் வாங்கும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, மாடியில் ஒரே ஹீட் பம்பும் 500 லிட்டர் தொட்டியும் உறை சுற்றிய குழாயும் போட்டு, பொது மீட்டரில் வரும் செலவை மெயின்டனன்ஸில் பிரித்துக்கொள்ளலாம். போர்வெல் மோட்டார் கரண்டை அப்படித்தானே பிரித்துக்கொள்கிறோம்? ஹாஸ்டல், ஹோட்டல், மருத்துவமனை போன்ற இடங்களில் இது இன்னும் லாபம்; பால் பண்ணையில் பாலைக் குளிர்விக்கும் எந்திரம் தள்ளும் சூட்டைக் கேன் கழுவும் வெந்நீருக்கே எடுத்துக்கொள்ள முடியும். ஏசியின் வெளிப்பெட்டி ஒரு சுவரில் அனல் ஊதிக்கொண்டிருக்க, அடுத்த சுவரில் கீசர் எரியும் ஹோட்டல்களுக்கு ஆடிட்டரைவிட ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் அவசரத் தேவை.

கடைசியாக, எல்லோரும் தயங்கும் விஷயம். 2023-இல் வந்த கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட் வரை வீட்டு மின்சாரம் இலவசம். வாடகைக்கு இருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டது அந்தத் திட்டத்தின் பெரிய நன்மை. விவேக் நகர், நீலசந்திரா, ஈஜிபுரா போன்ற பகுதிகளின் குடும்பங்களுக்கு அது மாதந்தோறும் நிஜமான ஆறுதல். அதை நிறுத்தச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் இலவச அளவை அந்த வீட்டின் பழைய சராசரியை வைத்துத்தான் நிர்ணயித்தார்கள். இதன் விளைவைப் பாருங்கள்: கீசர் எரித்தவருக்கு அதிக ஒதுக்கீடு, சொந்தப் பணத்தில் சோலார் ஹீட்டர் வைத்துச் சிக்கனமாக இருந்தவருக்குக் குறைந்த ஒதுக்கீடு. கீசர் எரிக்கும் 60 யூனிட்டும் இலவசம் என்றால் எந்தக் குடும்பம் 20 யூனிட் கருவியைத் தேடும்? அரசுக்கோ அந்த 60 யூனிட் இலவசமல்ல; மின் நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் மானியமாகக் கட்டுகிறது. மாதம் 40 யூனிட் மிச்சமானால் கருவியின் ஆயுளான பத்து ஆண்டுகளில் 4,800 யூனிட். அந்த மானியத்தை முன்கூட்டியே எடுத்து, கட்டடத்துக்கு ஒரு பொது ஹீட் பம்ப் போட உதவினால் குடும்பத்துக்கும் நஷ்டமில்லை, கருவூலத்துக்கும் நஷ்டமில்லை. பணம் ஓனர் கையில் போகாமல் கட்டடத்தில் இறங்குவதால் குடித்தனக்காரர் மாறினாலும் கருவி அங்கேயே நிற்கும்.

பி.கே. நாக் எழுதிய பாடநூலையும் நீராவி அட்டவணையையும் வைத்துக்கொண்டு தேர்வு எழுதி வெளியேறும் மெக்கானிக்கல் பொறியாளர்கள் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். கார்னோ சுழற்சியின் திறனைக் கணக்கிடத் தெரியாமல் யாரும் பட்டம் வாங்குவதில்லை. அந்தக் கணக்கு கட்டட விதிக்குள்ளும் கட்டண ஆணைக்குள்ளும் வரவில்லை என்பதுதான் குறை. விதியைத் திருத்துவது கடினமும் அல்ல. மாடியில் கருவி உண்டா என்று கேட்பதை விட்டுவிட்டு, கட்டடத்தில் உள்ள ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஆளுக்கு இத்தனை லிட்டர் வெந்நீர், அதற்கு ஆண்டுக்கு இத்தனை யூனிட்டுக்கு மேல் மின்சாரம் கூடாது என்று எழுதினால் போதும். தகடோ பேனலோ ஹீட் பம்போ, வீட்டுக்காரர் தேர்ந்தெடுக்கட்டும். நட்சத்திர லேபிளில் கசிவோடு சேர்த்து, ஒரு வாளி வெந்நீருக்கு எத்தனை யூனிட் என்பதையும் அச்சிடச் சொல்லட்டும்.

கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தை மாற்றும் முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. யார் வேண்டுமானாலும் எழுத்தில் தரலாம், நேரில் போய்ப் பேசலாம். ஆலைச் சங்கங்கள் தவறாமல் போகின்றன, விவசாயச் சங்கங்களும் போகின்றன. குடித்தனக்காரர்கள் போவதில்லை. விவேக் நகரின் குடியிருப்போர் சங்கங்கள் அடுத்த விசாரணைக்குப் போய், கூரையில் கருவி வைத்தவருக்கு 50 ரூபாய் கொடுத்தீர்களே, கீழ்வீட்டில் வாடகைக்கு இருப்பவரின் வெந்நீருக்கு உங்கள் திட்டம் என்ன என்று கேட்க வேண்டும்.